கம்பெனி ஃபிட்டிங்

முதலில் உள்ளே வந்தது ஒரு கார் சீட்டு. அதற்குப் பின்னால்தான் ஆள் வந்தாள்.

பின் சீட்டு. ரத்தச் சிவப்பு ரெக்ஸின், வரிசை வரிசையாகக் குமிழ்கள். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். என் உடம்புக்கு இரண்டு பேர். சுமைகாரர்கள் அதைக் கதவில் இடித்து, சுவரில் தேய்த்து, எங்கள் அலுவலகத்தின் நடுவில் கிடத்திவிட்டுப் போனார்கள். அதன் பிறகு நாங்கள் ஓரமாகத்தான் நிற்க முடிந்தது.

"இதைத்தான் விசாரிக்கணும்," என்றாள் வந்தவள்.

"வாய் திறக்குதா பார்க்கலாம்," என்று அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

"அண்ணா," என்றாள் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்த துப்பறிவாளர். எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு ‘வாயை மூடு’ என்று பொருள்.

ஆமாம், துப்பறிவாளர் என் தங்கை. தீப்பிடித்த கடை, கவிழ்ந்த லாரி, காணாமல் போன நெக்லஸ் என்று எங்கே என்ன நடந்தாலும் சொந்தக்காரன் சொல்வது நிஜமா புளுகா என்று பார்த்துச் சொல்ல ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி அவளை வைத்திருந்தது. புளுகுதான் சுவாரஸ்யம் என்று தெரிந்ததும் தனியாகக் கடை போட்டுவிட்டாள். நான் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவன். ஒரு மாணவி ஸ்கூல் காரை ஸ்கூல் சுவரிலேயே ஏற்றிய பிறகு எனக்கும் ஸ்கூலுக்கும் ஒத்துவரவில்லை. தங்கையிடம் உதவியாளன் ஆனேன். வீட்டில் அவள் பாப்பா. அலுவலகத்தில் பாப்பா என்று கூப்பிட்டால் அன்றைக்குக் காபி கிடையாது. இங்கே எழுதும்போது கூப்பிட்டுக்கொள்கிறேன், படிக்க மாட்டாள்.

வந்தவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ‘மூச்சை இழுத்துப் பிடி, அசையாதே’ என்று நாள் முழுக்க அதட்டியே பழகியதால், எங்களையும் அப்படித்தான் பார்த்தாள். உட்காரப் போனவள், ஜன்னல் கம்பியில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்ததும் எழுந்து போய்க் கைப்பையாலேயே ஓங்கி அதை விரட்டிவிட்டு வந்தாள்.

"காக்கான்னா எனக்கு ஆகாது. சின்ன வயசுல நான் வாயில வச்சுச் சப்பற ரப்பர் சூப்பானைத் தூக்கிட்டுப் போன ஜாதி அது."

"இப்பவும் வச்சிருக்குமா?" என்றேன்.

"அண்ணா!"

எக்ஸ்ரே சிரிக்கவில்லை. விஷயத்துக்கு வந்தாள்.

"எனக்கு ஒரு அண்ணன். அம்மா அப்பா தத்தெடுத்து வளர்த்த பிள்ளை. எனக்கு மூணு வயசு இருக்கும்போது, அவனுக்குப் பதினாலு, வீட்டை விட்டு ஓடிட்டான். தத்துப் பிள்ளைங்கற விஷயம் அன்னிக்குத்தான் அவனுக்குத் தெரிஞ்சுதாம். சித்தப்பா ஏதோ கேலி பண்ணாராம். என்ன சொன்னார்னு அம்மா இது வரைக்கும் எங்கிட்ட சொன்னதில்ல. அப்பா தேடாத இடமில்ல. அப்பாவும் போயாச்சு. இப்போ ஒருத்தன் வந்து, நான்தான் அந்தப் பிள்ளைங்கறான்."

"ரத்தப் பரிசோதனை..." என்று ஆரம்பித்தவன் நானே நிறுத்திக்கொண்டேன். தத்துப் பிள்ளைக்கு எந்த ரத்தத்தோடு ஒப்பிடுவது?

"அடையாளம் ஏதாவது கேட்டீங்களா?" என்றாள் பாப்பா.

"கேட்டா எல்லாம் சொல்றான். சொல்லாம என்ன? எங்க சித்தப்பா சாகற வரைக்கும் எங்க வீட்டுக் கதையை ஊர் முழுக்கச் சொல்லிட்டுத்தான் செத்தார். எவன் வேணும்னாலும் மனப்பாடம் பண்ணலாம். அம்மாவுக்கு அதெல்லாம் கவலையே இல்ல. ‘என் பிள்ளை எனக்குத் தெரியாதா’ன்னு ஒரே பிடிவாதம். அவங்களுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆகியிருக்கு மேடம். இவன் பொய்யாகி ஒரு நாள் மறுபடியும் கம்பி நீட்டினா, இன்னொரு தடவை தாங்க மாட்டாங்க."

அதுவரை அதட்டலாக இருந்த குரல் அந்த இடத்தில் மட்டும் இறங்கிவிட்டது. பாப்பா தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "சீட்டுக்கு வாங்க," என்றாள்.

வீட்டு ஷெட்டில் அப்பாவின் பழைய கார் கிடந்தது. குண்டு என்று பெயர், உருவமும் அப்படித்தான். வந்தவனிடம் அம்மா, "குண்டைச் சரி பண்ணுடா, அதுலயே வீட்டுக்கு வா," என்று சொல்லிவிட்டாள். அதுவரை அவன் லாட்ஜில் இருக்கிறான். கார் தயாரானால் அவன் வீட்டுக்குள் வந்துவிடுவான்.

"ஷெட்டுல காரைக் காட்டினப்போ, உள்ள எட்டிப் பார்த்துட்டு என்ன கேட்டான் தெரியுமா? ‘இது நம்ம வண்டியா?’ன்னான். எனக்குப் புத்தி தெரிஞ்ச நாள்லேர்ந்து இந்தச் சிவப்பு சீட்டுதான் மேடம். இதுல படுத்துத் தூங்கி வளர்ந்தவ நான். அதுல ஏறி இறங்கினவனுக்கு இந்தச் சிவப்பு மறக்குமா? இப்போ குஷன் கடையில விட்டு உள்ள பச்சையா மாத்திட்டிருக்கான். பச்சை! கேட்டா, முன்னாடி அப்படித்தான் இருந்துச்சாம்."

"அதனால பின் சீட்டைத் தூக்கிட்டு வந்துட்டீங்க."

"கடைப் பசங்க சாப்பிடப் போன நேரம் பார்த்து," என்றாள் எக்ஸ்ரே, வெட்கமே இல்லாமல். "சீட்டு இல்லாம கார் முடியாது. கார் முடியாம அவன் வர முடியாது. அவன் யாருன்னு சொல்லுங்க, அப்புறம் திருப்பித் தரேன்."

களவு போன பொருளின் மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருந்தாலும் எழுந்திருக்கவில்லை. உட்கார நன்றாக இருந்தது.

*

குஷன் கடைக்காரர் அளவு டேப்பை மாலை மாதிரி போட்டுக்கொண்டு, தங்கக் கலர் உறை தைத்த ஒரு ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். குண்டு கார் என்றதும் துடைப்பதை நிறுத்தினார். முகம் புளித்துப்போனது.

"அந்த ஆளா? என் கைக்கே அவமானம் மேடம். முதல்ல வந்தப்போ என்ன கேட்டார்? அம்மா அசந்து போகணும், பிரமாதமா இருக்கணும்னார். செஞ்சேன். முன்னாடி ரெண்டும் புது சீட்டு, கிரீம் கலர் லெதர். டைமண்ட் தையல். டேஷ்போர்டுல மரப் பட்டை. காலடியில நீல லைட்டு. உள்ள ஏறினா இறங்க மனசே வராது."

"அப்புறம்?"

"தினமும் வந்து உள்ள உட்காருவார். ஒரு நாள் லைட்டைக் கழட்டச் சொன்னார், கண்ணு கூசுதாம். சரின்னேன். அடுத்தது மரப் பட்டை. மரம் மாதிரி நடிக்குதாம்! அப்புறம் ஸ்டியரிங். தடியா இருக்கு, யாரோ தெரியாதவன் கையைப் பிடிச்ச மாதிரி இருக்குன்னு, பழைய கடையெல்லாம் அலைஞ்சு அந்த ஒல்லி ஸ்டியரிங்கையே கண்டுபிடிச்சுக் கொண்டு வந்தார். ஒவ்வொண்ணாக் கழட்டக் கழட்ட அவர் முகம் தெளியுது, என் முகம் கறுக்குது. கடைசியில டைமண்ட் தையலையும் பிரிக்கச் சொல்லிட்டார். குனிஞ்சு குனிஞ்சு தைச்சது மேடம்!"

"இப்போ எப்படி வேணுமாம்?"

"வெறும் பச்சைத் துணி. நேர் தையல். கம்பெனிலேர்ந்து வந்தப்போ எப்படி இருந்ததோ அப்படியே வேணுமாம். அதுக்கு என்கிட்ட எதுக்கு வரணும்?"

பாப்பா கடையைச் சுற்றிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பார்த்தவுடனே எனக்கு மூக்கில் வியர்த்தது. கல்லாவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய விளம்பரப் படம். சாட்சாத் குண்டு. முன் கதவு திறந்திருக்கிறது. உள்ளே நேர் தையல் போட்ட பச்சை சீட்டு.

"இந்தப் படம் எத்தனை நாளா இங்க இருக்கு?" என்றேன்.

"கடை போட்டதுலேர்ந்து. அவர் தினமும் அதுக்கு முன்னாடி நின்னு பார்த்துட்டுத்தான் போவார்."

நான் பாப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். கதை முடிந்தது. ஆள் படத்தைப் பார்த்து ஞாபகத்தைத் தைத்துக்கொண்டிருக்கிறான். முன் சீட்டு வேறு சந்தேகத்துக்கு உரம் போட்டது. கழற்றிய முன் சீட்டுகள் மூலையில் கிடந்தன. மேலே சிவப்பு, பிரித்த இடத்தில் உள்ளே வெறும் ஸ்பாஞ்சு. பச்சை என்பதற்கு ஒரு நூல்கூட இல்லை.

பாப்பா படத்துக்குக் கிட்டே போய் நின்றாள். "பின் சீட்டு இதுல தெரியலையே."

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன? பச்சைதானே," என்றேன்.

"பின் சீட்டைப் பத்தி ஏதாவது தனியாச் சொன்னாரா?" என்று குஷன்காரரைக் கேட்டாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "சொன்னார். அதுதான் எனக்கும் இடிக்குது. சீட்டு விளிம்புல கயிறு மாதிரி ஒண்ணு ஓடும் பாருங்க, பைப்பிங், அது இடது ஓரத்து மூலையில மட்டும் வேண்டாமாம். அங்கே தையலும் போடக் கூடாதாம். உள்ள கை போற மாதிரி வாய் திறந்தே இருக்கணுமாம்."

"கடத்தல்!" என்றேன்.

"நானும் அதையேதான் நினைச்சேன் சார்."

"எவ்வளவு பெரிய வாய்?" என்றாள் பாப்பா.

அவர் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கிக் காட்டினார். "இவ்வளவுதான். என் கை போகாது, அவர் கையும் போகாது."

"வைரக் கடத்தல்," என்று திருத்திக்கொண்டேன்.

"தான் வச்சதைத் தானே எடுக்க முடியாத அளவுக்கு எந்தக் கடத்தல்காரனாவது ஓட்டை போடுவானா?" என்று மட்டும் பாப்பா முணுமுணுத்தாள். பிறகு, "அவர் உங்ககிட்ட கோபப்பட்டிருக்காரா?"

"ஒரே ஒரு தடவை. கோபம்னுகூட சொல்ல முடியாது. அந்த முன் சீட்டைக் கழட்டும்போது, ‘இது கம்பெனி ஃபிட்டிங்கே இல்ல சார், வெளியில வாங்கி மாட்டினது, என்ன பண்ணாலும் ஒட்டாது, தூக்கிப் போட்டுடலாம்’னு சொன்னேன். தொழில்ல எல்லாரும் சொல்றதுதானே? மனுஷன் முகம் அப்படியே செத்துப்போச்சு. பேசாம எழுந்து போயிட்டார். அதுலேர்ந்து அவர் எதிர்ல அந்த வார்த்தையைச் சொல்றதில்ல. அவர் கேக்கறது முழுக்கக் கம்பெனி ஃபிட்டிங்தான், ஆனா கம்பெனி ஃபிட்டிங்னு சொல்லக் கூடாது. என்ன ஆளோ!"

கடைக்குப் பின்னால் முற்றம். அங்கே, கதவெல்லாம் சாத்தியபடி குண்டு நின்றது. உள்ளே யாரோ அசைவது தெரிந்தது. நாங்கள் சத்தமில்லாமல் போய்ப் பக்கவாட்டுக் கண்ணாடி வழியே பார்த்தோம்.

ஒல்லியான மனிதர், காதோரம் நரை. ஓட்டுநர் இடத்தில் இல்லை. பின் சீட்டு இருக்க வேண்டிய வெறும் தகரத் தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். இடது கை மட்டும் தரை ஓரத்தில் எதையோ தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தது. எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. யோக்கியன் எவனும் சாத்திய காருக்குள் குந்திக்கொண்டு தரையைத் தடவ மாட்டான்.

பாப்பா கண்ணாடியைத் தட்டினாள். அவர் திடுக்கிட்டு இறங்கினார். நாங்கள் யார் என்று சொன்னதும் ஆச்சரியப்படவில்லை.

"தங்கச்சி அனுப்பினாளா?" என்றார். "சந்தேகப்படட்டும். நானா இருந்தாலும் படுவேன்."

"என்ன தேடினீங்க?"

"ஒண்ணுமில்ல."

"பின் சீட்டு எங்கன்னு தெரியுமா?"

அவர் முகம் மாறியது. "உங்ககிட்டதான் இருக்கா? அதைப் பிரிச்சிட்டாங்களா? யாராவது கிழிச்சிட்டாங்களா?"

"ஏன், கிழிக்கக் கூடாதா?"

"கிழிக்கும்போது நான் இருக்கணும்," என்றார். அதற்கு மேல் எவ்வளவு வாயைப் பிடுங்கியும் ஒரு சொல் வரவில்லை.

"நாளைக்குக் காலையில எங்க ஆபீசுக்கு வாங்க," என்றாள் பாப்பா. "கிழிப்போம்."

திரும்பி வரும் வழியெல்லாம் நான் தீர்ப்பு எழுதிக்கொண்டே வந்தேன். ஆள் போலி, சீட்டுக்குள் ஏதோ இருக்கிறது, அதை எடுக்கத்தான் இவ்வளவு நாடகம். குண்டைத் தெரியாதவன், படத்தைப் பார்த்துப் பச்சை என்கிறான், தரையைத் தடவுகிறான், கேட்டால் மழுப்புகிறான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"அந்த ஓட்டைக்குள்ள யார் கைண்ணா போகும்?" என்றாள் பாப்பா.

"யார் கையும் போகாது. அதான் சந்தேகம்."

"ம்."

அலுவலகத்துக்கு வந்ததும் அவள் தரையில் மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சிவப்பு ரெக்ஸினின் விளிம்பை வலது கோடியிலிருந்து விரலால் அழுத்திக்கொண்டே போனாள். வலமிருந்து இடமாக மெதுவாகப் போன விரல், இடது மூலைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. திரும்பவும் ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

"நீ காலையிலேர்ந்து எது மேல உட்கார்ந்திருந்தேன்னு தெரியுமா?"

"ஸ்பிரிங். குத்திச்சு."

அவள் எழுந்து குஷன்காரருக்குப் போன் செய்தாள். நாளைக் காலை பிளேடோடு வரச் சொன்னாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பாப்பா சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். விடுகதை போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவாள்.

*

மறுநாள் காலை எங்கள் அலுவலகத்தில் நிற்க இடமில்லை. எக்ஸ்ரே ஒரு பக்கம், அவளுடைய அம்மா ஒரு பக்கம். அம்மா குள்ளமான, தடித்த கண்ணாடி போட்ட மனுஷி. வந்தவுடன் மகளைத் திட்டினாள், சீட்டைத் திருடியதற்காக. பிறகு என்னைத் திட்டினாள், நாற்காலியைத் துடைக்காததற்காக. குஷன்காரர் பிளேடும் குறடுமாகத் தயாராக நின்றார். ஒல்லி மனிதர் கதவோரத்திலேயே நின்றுகொண்டார், உள்ளே வரலாமா என்று தெரியாதவர் போல.

"பெரியவனே, இங்க வந்து உட்காருடா," என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா."

"அம்மா, பெரியவன்னு கூப்பிடாதீங்க இன்னும்," என்றாள் எக்ஸ்ரே. அவள் பாப்பாவின் பக்கம் திரும்பினாள். "கேளுங்க மேடம். நம்ம வண்டியில சீட்டு என்ன கலர்னு கேளுங்க."

"பச்சை," என்றார் அவர், யாரும் கேட்காமலேயே.

"குஷன் கடையில மாட்டியிருக்கிற படத்துல பச்சை! எங்க வண்டியில சிவப்பு! இதோ கிடக்குது கண்ணெதிர்ல!"

அவர் வாதாடவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவனின் மௌனம் அது என்று நான் சத்தியம் செய்திருப்பேன்.

பாப்பா மட்டும் அவரிடம் மெதுவாகக் கேட்டாள். "இடது மூலையில வாய் திறந்திருக்கணும்னு சொன்னீங்களே. அதுக்குள்ள என்ன வச்சீங்க?"

அவர் நிமிர்ந்தார். பார்வை எக்ஸ்ரேயிடம் போய்த் திரும்பியது. "அதைச் சொல்ல மாட்டேன்."

"பாத்தீங்களா!" என்றாள் எக்ஸ்ரே.

"ஏன் சொல்ல மாட்டீங்க?"

"அவ இருக்கா. அவகிட்ட காக்கான்னு சொல்லியிருக்கேன்."

எக்ஸ்ரேயின் வாய் திறந்தபடி நின்றது. முதலில் சமாளித்துக்கொண்டதும் அவள்தான். விட மாட்டாள், நல்ல பெண்.

"காக்கா கதை ஊருக்கே தெரியும். சித்தப்பா சொல்லாத ஆளில்ல."

"காக்கா கதை தெரியும்," என்றாள் பாப்பா. "காக்கா எங்க வச்சிச்சுன்னு சித்தப்பாவுக்குத் தெரியாதே. பிரிங்க."

குஷன்காரர் மண்டி போட்டார். குமிழ்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிளேடு ஓரமாக ஓடியது. சிவப்பு ரெக்ஸின் சரசரவென்று தோல் உரிவது போல உரிந்து வந்தது.

அடியில் பச்சை.

கொஞ்சம் வெளுத்த, நேர் தையல் போட்ட, பழைய பச்சைத் துணி. யாரும் கழற்றாமல், அப்படியே அதன் மேலேயே சிவப்பைப் போர்த்தித் தைத்திருந்தார்கள். விளிம்பில் பச்சைப் பைப்பிங் வலது கோடியிலிருந்து ஒழுங்காக ஓடி வந்து, இடது மூலைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. அங்கே நூலெல்லாம் பிய்ந்து, தேங்காய் நார் தெரிய, ஒரு சின்ன வாய்.

"அப்பா ஓட்டும்போது திட்டிக்கிட்டே வருவார்," என்றார் அவர், யாருக்கோ சொல்வது போல. "நான் பின்னாடி உட்கார்ந்து அதைப் பிச்சுக்கிட்டே வருவேன்."

குஷன்காரர் கையை விட்டுப் பார்த்தார், போகவில்லை. நானும் முயன்றேன், என் விரல் முயற்சிக்கவே லாயக்கில்லை. எக்ஸ்ரே எங்கள் இருவரையும் ஒதுக்கிவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். எலும்பும் தோலுமான விரல்கள் அவளுக்கு. இரண்டு விரலை உள்ளே விட்டு, நாரைத் துழாவி, எதையோ பற்றி இழுத்தாள்.

கறுத்துக் கெட்டியாகிப்போன ஒரு ரப்பர் சூப்பான். அதன் வளையத்தில் பல் பட்ட தடம்.

அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஆயிரம் எலும்புகளைப் பார்த்தவள், இதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பல்லு எடுப்பா ஆயிடும்னு டாக்டர் சொன்னார்," என்றார் அவர். "யார் பிடுங்கினாலும் நீ விட மாட்ட. அதான் ஒளிச்சேன். நீ ராத்திரியெல்லாம் அழுத. திருப்பிக் குடுத்துடலாம்னு விரலை விட்டுப் பார்த்தேன், உள்ள போயிடுச்சு. என் கை உள்ள போகல. உன் கைதான் போகும், ஆனா உங்கிட்ட எப்படிச் சொல்றது? அதுக்குள்ள நான்..."

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "நீ போன அப்புறம் அப்பா இந்தச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் சாப்பிடாம எழுந்திடுவார்டா. நீ பிச்சு வச்ச மூலை அவர் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்குமாம். சிவப்பு போடக் கொண்டு போனப்போ, தைக்கிறவன்கிட்ட பழசைக் கழட்டவே கூடாது, மேலயே போடுன்னு கண்டிப்பாச் சொன்னார். நான் கஞ்சத்தனம்னு நினைச்சேன்."

பாப்பா என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரி அழக் கூடாது என்று அவளுக்கு ஒரு கொள்கை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பினாள். "ஒண்ணு மட்டும் பாக்கி. அன்னிக்குச் சித்தப்பா என்ன சொன்னார்?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஒல்லி மனிதர்தான் சொன்னார். "புதுசா வண்டி வாங்கினவங்க பேசிக்கிற மாதிரி விளையாட்டாத்தான் சொன்னார். தங்கச்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, ‘இவ கம்பெனி ஃபிட்டிங். நீ வெளியில வாங்கி மாட்டினவன்டா’ன்னார். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. எனக்கு முதல்ல புரியல. அப்பா முகத்தைப் பார்த்தேன். புரிஞ்சிடுச்சு."

குஷன்காரர் பிளேடைக் கீழே வைத்துவிட்டார்.

"அதான் பளபளன்னு செய்யச் சொன்னேன்," என்றார் அவர். "வெளியிலேர்ந்து வந்தவன் செஞ்சதுன்னாலும் நல்லா இருக்குன்னு சொல்லணும் பாருங்க. ஆனா உள்ள உட்கார்ந்தா எனக்கே மூச்சு முட்டிச்சு. ஒவ்வொண்ணாக் கழட்டினதுக்கு அப்புறம்தான் அப்பாவுக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. இந்த அசிங்கமான பச்சைதான் எனக்குப் பிடிச்சிருக்கு. என்ன பண்றது?"

ஜன்னல் கம்பியில் காக்கா வந்து உட்கார்ந்தது. எக்ஸ்ரேயின் கை பழக்கதோஷத்தில் கைப்பையை எடுத்தது. பாதியிலேயே இறங்கியது.

"பாவம்," என்றாள். "இத்தனை வருஷமா இதைப் போய் அடிச்சுத் துரத்தியிருக்கேன்." அழுகையும் கோபமுமாக அவரைப் பார்த்தாள். "எல்லாம் உன்னாலதான்."

‘நீ’ என்று அவள் அவரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்தார். நானும் கவனித்தேன்.

குஷன்காரருக்கு இந்த மாதிரி நேரங்களில் தொழிலைப் பற்றிப் பேசினால்தான் நிம்மதி. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சீட்டின் மேல் குனிந்தார்.

"துணி நல்லாத்தான் இருக்கு மேடம். அலசிப் போட்டாப் போதும். அந்த மூலையை மட்டும் நார் அடைச்சு, பைப்பிங் ஓட்டிட்டா, அப்படியே..." சொல்ல வந்த வார்த்தையை நாக்கு நுனியில் பிடித்து நிறுத்திவிட்டு, பயத்தோடு அந்த ஒல்லி மனிதரைப் பார்த்தார்.

எக்ஸ்ரே எழுந்தாள். சூப்பானைத் தன் கைப்பைக்குள் பத்திரமாக வைத்து மூடினாள்.

"மூலையைத் தொடாதீங்க," என்றாள். "அதுதான் எங்க வண்டியில கம்பெனி ஃபிட்டிங்."